சாப்பாட்டு மேஜையில் உருவான கொலைகள்

கோஸி மிஸ்டரி வகைக் கதைகளின் சட்டதிட்டம் ஒன்றிரண்டு புத்தகம் படித்தாலே பிடிபட்டுவிடும். சின்ன ஊர், ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த மனிதர்கள். கொலை நடக்கும், ஆனால் நம் கண்முன் ரத்தம் தெறிக்காது. செத்தவர் பெரும்பாலும் யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காதவராக இருப்பார். துப்பறிகிறவர் போலீஸ் வேலையில் இல்லாத ஒருவர், அதுவும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒருவர். கடைசிப் பக்கத்தில் உண்மை வெளியே வந்து ஊர் பழையபடி மூச்சுவிடும். இவ்வளவு அமைதியான கதைகளை எழுதுகிறவரும் தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரத்தில் நிம்மதியாக உட்கார்ந்து எழுதியிருப்பார் என்றுதான் படிக்கிறவர்கள் பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

இந்த வகைக்கு வேர் என்று எல்லோரும் கைகாட்டும் அகதா கிறிஸ்டியின் வாழ்க்கையைப் பார்த்தால் அந்தக் கற்பனை நிற்காது. எழுதுவதற்கென்று அவருக்கு நெடுங்காலம் ஓர் அறைகூடக் கிடையாது. படிவங்களில் தொழில் என்று கேட்கும் இடத்தில் 'திருமணமான பெண்' என்பதைத் தவிர வேறெதையும் நிரப்பத் தனக்குத் தோன்றியதே இல்லை என்று சுயசரிதையில் சொல்கிறார், அதுவும் உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த பிறகு. வீட்டையும் குடும்பத்தையும் கவனிப்பதற்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில் எழுதினார். அவருடைய கதைகளில் கொலைக்கான பொருளும் அதைக் காட்டிக்கொடுக்கும் துப்பும் வீட்டுக்குள்ளிருந்தே வருகின்றன. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் பிறந்தது 1890-இல், இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் கடலோரத்தில் இருக்கும் டார்க்கீ என்ற ஊரில். அப்பா அமெரிக்கர். அவர் இறந்தபோது அகதாவுக்கு 11 வயது, அதற்குப் பிறகு வீட்டில் பணக் கவலை வந்துவிட்டது. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஒரு நாளில், பொழுது போகாவிட்டால் ஒரு கதை எழுதிப் பாரேன் என்று அம்மா சொன்னதில்தான் முதல் சிறுகதை பிறந்தது. துப்பறியும் கதையை உன்னால் எழுத முடியாது என்று சவால் விட்டது அக்கா மேட்ஜ். சவால் மனதில் கிடந்தது, அதற்குத் தேவையான சரக்குதான் கையில் இல்லை.

அந்தச் சரக்கைக் கொடுத்தது முதல் உலகப் போர். 1914-இல் போர் தொடங்கியதும் டார்க்கீ நகரமண்டபம் ராணுவ மருத்துவமனையாக மாறியது, அகதா அங்கே தன்னார்வ நர்ஸாகச் சேர்ந்தார். கொஞ்ச காலம் கழித்து மருந்து கலக்கும் பிரிவுக்குப் போனார். அதற்கான தேர்வுக்குப் படித்து 1917-இல் தேறினார். மருந்தறை வேலை ஒரே சீராக ஓடாது. சில நேரம் தலைக்குமேல் வேலை, சில நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சும்மா இருந்த அந்த நேரங்களில், சுற்றிலும் அலமாரிகளில் விஷப் பாட்டில்கள் வரிசையாக நிற்க, அக்காவின் சவால் நினைவுக்கு வந்தது. அப்படியானால் விஷம் வைத்துக் கொல்லும் கதைதான் எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று.

தேர்வுக்காகப் பயிற்சி எடுத்தபோது ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் கற்றுக்கொண்டார். அங்கே நடந்த இரண்டு விஷயங்களைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவற்றைப் படித்த பிறகுதான் இவர் ஏன் இப்படி எழுதினார் என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது. ஒரு நாள் அந்த மனிதர் மருந்து கணக்கிடும்போது தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டதை மாணவியான இவர் கவனித்துவிட்டார். அனுபவசாலியிடம் நேரடியாகச் சொல்லவும் முடியாது, அளவு தவறிய மருந்தை அப்படியே விடவும் முடியாது. ஆகவே கால் தடுக்கியது போலத் தட்டைத் தள்ளிவிட்டு, விழுந்த மருந்துகளின்மேல் நன்றாக மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். இன்னொரு நாள் அதே மனிதர் சட்டைப்பையிலிருந்து ஒரு கருப்புக் கட்டியை எடுத்துக் காட்டினார். அது குராரே, தென்னமெரிக்க அம்பு விஷம். வாயில் போட்டால் ஒன்றும் ஆகாது, ரத்தத்தில் கலந்தால் உடம்பு செயலற்றுப்போய்ச் சாவுதான். அதை ஏன் கூடவே வைத்திருக்கிறார் என்றால், அது பையில் இருக்கும்போது தனக்கு ஒரு சக்தி இருப்பதாகத் தோன்றுமாம். எல்லோருக்கும் மருந்து கொடுக்கிற, மரியாதையான மனிதர். அவரை அகதா மறக்கவே இல்லை. நாற்பது வருடத்துக்கும் மேல் மனதில் கிடந்த அந்த முகம்தான் 1961-இல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலுக்கு ஒரு பொறியாக இருந்தது.

விஷம் ஏன் இந்த வகைக் கதைகளுக்கு இவ்வளவு பொருந்திப்போகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரத்தம் இல்லை என்பது மட்டும் காரணம் என்றால் விஷயம் அதோடு முடிந்துவிடும். பெரிய காரணம் நேரம். துப்பாக்கியால் சுட்டால் சுட்டவர் அந்த நிமிடம் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். விஷத்தை இப்போது வைத்துவிட்டு வெளியூருக்குப் போய்விடலாம். ஆகவே கொலை நடந்தபோது யார் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்குப் பாதி அர்த்தம் போய்விடுகிறது. அந்த இடத்தில் வேறு கேள்விகள் வருகின்றன: காபிக் கோப்பையை மாடிக்கு எடுத்துப்போனது யார், மருந்தை வழக்கமாக எத்தனை மணிக்குக் குடிப்பார், அந்தப் பாட்டிலின் அடியில் எவ்வளவு மிச்சம் இருந்தது, தட்டைக் கழுவியது யார். இவையெல்லாம் ஒரு வீட்டின் தினசரி ஒழுங்கைத் தெரிந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகள். சமையல்காரியும் வேலைக்காரப் பெண்ணும் முக்கிய சாட்சிகளாகிவிடுகிறார்கள். போலீஸ்காரரைவிட, வீடு எப்படி ஓடும் என்று தெரிந்த ஒரு வயதான பெண்மணி நன்றாகத் துப்பறிவார் என்பது இங்கிருந்துதான் நம்பும்படியாகிறது.

அந்தக் காலத்து இங்கிலாந்தும் இதற்கு வாகாக இருந்தது. களைக்கொல்லியில் ஆர்சனிக், குளவிக்கூட்டை அழிக்க சயனைடு என்று தோட்டத்துக் கொட்டகையிலேயே விஷம் இருந்தது. மருந்துக்கடையில் விஷம் வாங்கினால் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தால் போதும், அது யாருடையது, உண்மையிலேயே அவர்தான் போட்டாரா என்று ஓர் அத்தியாயம் தானாக விரியும்.

முதல் நாவலை 1916-இல் எழுதத் தொடங்கினார், பாதியில் சிக்கிக்கொண்டார். அம்மாவின் யோசனைப்படி டார்ட்மூர் பொட்டல்வெளிப் பகுதியில் ஹேய்ட்டார் என்ற இடத்தில் ஒரு ஹோட்டலில் இரண்டு வாரம் தங்கி முடித்தார். காலையில் எழுதுவது, மதியம் தனியாக நீண்ட தூரம் நடந்துகொண்டே பாத்திரங்களின் பேச்சை வாய்விட்டுப் பேசிப் பார்ப்பது. அந்த உரையாடல்கள் எவ்வளவு லேசாக ஓடுகின்றன என்று வியப்பவர்கள், அவை முதலில் காதுக்காகச் சொல்லிப் பார்க்கப்பட்டவை என்பதையும் சேர்த்து நினைக்கலாம். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டு முடிவை மட்டும் மாற்றச் சொன்னது, ஏனென்றால் அவர் எழுதியிருந்த நீதிமன்றக் காட்சி நம்பும்படியாக இல்லை. 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' அமெரிக்காவில் 1920-இலும் இங்கிலாந்தில் 1921-இலும் வந்தது. பத்திரிகைத் தொடர் உரிமையின் பங்காக அவர் கைக்கு வந்தது 25 பவுண்டு. மருந்தாளர்களுக்கான ஒரு தொழில்முறைப் பத்திரிகை, விஷத்தைப் பற்றித் தெரிந்து எழுதியிருக்கிறார் என்று இந்த நாவலைப் பாராட்டியது. அந்தப் பாராட்டை அவர் கடைசிவரை பெருமையாக நினைத்தார், நினைக்கத்தான் வேண்டும்.

இந்தத் துல்லியம் கதைக்கு வெளியேயும் வேலை செய்தது. 1977-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் கத்தாரிலிருந்து வந்த 19 மாதக் குழந்தைக்கு என்ன நோய் என்று டாக்டர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது 'தி பேல் ஹார்ஸ்' படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், இந்த அறிகுறிகள் புத்தகத்தில் வரும் தாலியம் விஷத்தைப் போலவே இருக்கின்றன என்று சொன்னார். சோதித்துப் பார்த்தால் அதுவேதான். குழந்தை பிழைத்தது. எழுதியவர் முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார்.

அப்புறம் மனிதர்கள். பெல்ஜியத்திலிருந்து போருக்குத் தப்பி வந்த அகதிகள் டார்க்கீ பகுதியில் குடியேறியிருந்தார்கள். ஓய்வுபெற்ற பெல்ஜிய போலீஸ் அதிகாரி ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்ததில் ஹெர்க்யூல் பொய்ரோ என்ற துப்பறிவாளர் வந்தார். பொய்ரோவை எல்லோருக்கும் தெரியும், ஆகவே அவரை இதோடு விட்டுவிடலாம். கோஸி வகைக்கு உண்மையான தாய் அகதாவின் இன்னொரு துப்பறிவாளரான, வயதான மிஸ் மார்ப்பிள்தான், அவர் உருவான கதை இன்னும் சுவையானது.

லண்டனுக்கு மேற்கே ஈலிங்கில் அகதாவுக்கு ஒரு பாட்டி இருந்தார், அப்பாவின் மாற்றாந்தாய். கலகலப்பானவர், அன்பானவர், ஆனால் யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பார். இன்னாரிடம் ஏதோ சரியில்லை என்பார், பார்த்தால் அது பயப்படும் அளவுக்கு உண்மையாகிவிடும். அந்தப் பாட்டியையும் அவருடைய தோழிகளையும் போன்றவர்தான் மார்ப்பிள் என்று அகதா சொல்கிறார். இன்னொரு பக்கம், 1926-இல் வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலில் கரோலின் என்று ஒரு நடுவயதுப் பெண் வருவார். வீட்டைவிட்டு நகராமலே ஊர்ச் செய்தி எல்லாம் அறிந்தவர், அகதாவுக்கு மிகவும் பிடித்த பாத்திரம். அந்த நாவலை 1928-இல் நாடகமாக்கியபோது கரோலினைத் தூக்கிவிட்டு ஓர் அழகான இளம்பெண்ணை வைத்துவிட்டார்கள். அகதாவுக்கு அது கடும் வருத்தம். மார்ப்பிள் முதன்முதலில் ஒரு சிறுகதையில் வந்தது 1927 டிசம்பரில், முதல் நாவல் 1930-இல். வயதான, கல்யாணமாகாத, ஊர்க்கதை பேசுகிற பெண்ணைக் கதையின் ஓரத்தில் நிறுத்தத்தான் அந்தக் காலத்துக்குத் தெரிந்திருந்தது. அவரை நடுவில் உட்காரவைத்து, எல்லோரையும்விடக் கூர்மையான ஆள் இவர்தான் என்று 12 நாவல்களிலும் 20 சிறுகதைகளிலும் திரும்பத் திரும்ப நிரூபித்ததை நான் மிகத் துணிச்சலான காரியமாகவே பார்க்கிறேன்.

மார்ப்பிளின் முறையும் பாட்டியிடமிருந்து வந்ததுதான். புதிதாக ஒருவரைப் பார்த்ததும், இவர் எங்கள் ஊரில் இன்ன காரியம் செய்த இன்ன பையனைப் போல இருக்கிறாரே என்பார். கேட்கிறவர்களுக்குச் சம்பந்தமில்லாத பேச்சாகத் தோன்றும். ஆனால் மனிதர்கள் சில வகைதான், சின்னத் திருட்டில் காட்டிய குணத்தையே பெரிய குற்றத்திலும் காட்டுவார்கள் என்ற அடிப்படை அதில் இருக்கிறது. ஒரே ஊரில் பல வருடம் கண்ணைத் திறந்துகொண்டு வாழ்ந்தவருக்கு மட்டுமே இந்த அறிவு கிடைக்கும். கோஸி கதைகள் சின்ன ஊரைவிட்டு நகராததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இதையெல்லாம் எங்கே, எப்படி உட்கார்ந்து எழுதினார்? ஆடாத ஒரு மேஜையும் ஒரு டைப்ரைட்டரும் இருந்தால் தனக்குப் போதும் என்கிறார். படுக்கையறையில் முகம் கழுவும் பாத்திரம் வைக்கிற பளிங்கு மேஜை, இல்லாவிட்டால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே காலியாகக் கிடக்கும் சாப்பாட்டு மேஜை. பத்திரிகைக்காரர்கள் வந்து, எழுதும் மேஜையில் உட்கார்ந்திருக்கும்படி படம் எடுக்க வேண்டும் என்று கேட்கும்போது காட்ட அப்படி ஓர் இடமே இல்லாமல் திண்டாடியிருக்கிறார். யோசனை வருவது இன்னும் கண்ட இடங்களில், குளியல் தொட்டியில் ஆப்பிள் கடித்துக்கொண்டே கதைப்பின்னலைத் தீர்த்திருக்கிறார்.

அவர் விட்டுப்போன நோட்டுப் புத்தகங்கள் 73. ஜான் கரன் என்ற ஆய்வாளர் அவற்றைப் படித்து 2009-இல் ஒரு நூலாகக் கொண்டுவந்தார். சாதாரண பள்ளிக்கூட நோட்டுகள், வரிசையும் கிடையாது, தேதியும் பெரும்பாலும் கிடையாது. ஒரு பக்கத்தில் கொலைத் திட்டம், அடுத்ததில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல், ஒரே நாவலின் குறிப்புகள் நாலைந்து நோட்டுகளில் சிதறிக் கிடக்கும். காட்சிகளுக்கு ஆங்கில எழுத்துகளை அடையாளமாகப் போட்டு, பிறகு அவற்றின் வரிசையை மாற்றிப் பார்த்திருக்கிறார். கொலையாளி இவராக இருந்தால் என்ன, அவராக இருந்தால் என்ன என்று திட்டமிடும்போதே பலரை மாற்றி மாற்றி யோசித்திருக்கிறார். கடிகாரம் போலப் பொருந்தி ஓடும் அந்தக் கதைகள் இவ்வளவு கலைந்த குறிப்புகளிலிருந்து வந்தன என்பது, எழுத ஆசைப்படுகிற யாருக்கும் தைரியம் கொடுக்கிற செய்தி. யாராவது கூப்பிட்டால் எழுந்து போய்விட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரும்படியான வேலைமுறை அது. எந்தச் சந்தேக நபரிடமும் எந்தச் சின்ன விவரத்தையும் தனியாக எடுத்து மாற்றலாம் என்பதால் அதற்கு இடையூறு ஒரு பெரிய பகையே இல்லை.

ஆனால் எல்லா இடையூறும் அப்படி லேசானதாக இருக்கவில்லை. 1926 ஏப்ரலில் அம்மா இறந்தார். அதே ஆண்டில் கணவர் ஆர்ச்சி, வேறொரு பெண்ணைக் காதலிப்பதாகச் சொல்லி விவாகரத்துக் கேட்டார். டிசம்பர் 3 இரவு காரை எடுத்துக்கொண்டு வெளியே போன அகதாவை நாடே தேடியது. 11 நாள் கழித்து, டிசம்பர் 14 அன்று, ஹாரோகேட்டில் ஒரு ஹோட்டலில் வேறு பெயரில் தங்கியிருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். அந்த நாள்களைப் பற்றி அவர் சுயசரிதையில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதைத் தோண்டி எடுக்க நூறு ஊகங்கள் வந்துவிட்டன, அவற்றில் சேர எனக்கு விருப்பமில்லை. எழுத்து வாழ்க்கைக்கு முக்கியம் அடுத்து நடந்தது. 1927-இல் மகள் ரோசலிண்டோடு கேனரித் தீவுகளுக்குப் போய், பணத் தேவைக்காக, எழுத மனமே இல்லாமல் ஒரு நாவலை முடிக்கப் போராடினார். பொழுதுபோக்குக்கு எழுதுகிறவர் என்ற நிலையிலிருந்து தொழில்முறை எழுத்தாளராகத் தான் மாறியது அப்போதுதான் என்கிறார். மனம் இல்லாதபோதும், எழுதுவது பிடிக்காதபோதும், நன்றாக வராதபோதும் எழுதுவதுதான் தொழில் என்பது அவர் கொடுக்கும் விளக்கம். அந்த நாவல் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு அப்புறம் வந்த அத்தனை புத்தகங்களுக்கும் அந்தக் கசப்பான சில மாதங்கள் கொடுத்த பழக்கம்தான் அடித்தளம்.

1928-இல் விவாகரத்து. அதே ஆண்டு தனியாக ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் ஏறி பாக்தாத் வரை போனார். ஈராக்கில் உர் என்ற பழங்கால நகரத்தின் அகழாய்வைப் பார்த்தார், 1930-இல் மறுபடி போனபோது மேக்ஸ் மாலோவன் என்ற இளம் தொல்லியலாளரைச் சந்தித்து அந்த ஆண்டே மணந்துகொண்டார். 1931 டிசம்பரில் ஈராக்கிலிருந்து திரும்பும்போது வெள்ளத்தால் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் வழியில் நின்றுவிட்டது. கூட மாட்டிக்கொண்ட பயணிகளைப் பற்றி மாலோவனுக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். 1929-இல் அந்த ரயில் துருக்கியில் பனியில் பல நாள் சிக்கிய செய்தியும், 1932-இல் அமெரிக்காவில் விமானி லிண்ட்பெர்கின் குழந்தை கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட செய்தியும் அதோடு சேர்ந்துகொள்ள, 1934-இல் 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' என்ற அந்தப் புகழ்பெற்ற ரயில் நாவல் வந்தது. ஓடாத ரயிலும் ஒரு சின்ன கிராமம்தான்: யாரும் வெளியே போக முடியாது, யாரும் உள்ளே வர முடியாது, எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வருடாவருடம் அகழாய்வுக்கும் கூடப் போனார். ஈராக்கில் நிம்ருத்தில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த தந்தச் சிற்பங்களை மெல்லிய பின்னல் ஊசியாலும் முகத்துக்குப் பூசும் கிரீமாலும் சுத்தம் செய்தது இவர்தான். அங்கே இவருக்கென்றே ஒரு சின்ன அறை கட்டப்பட்டது, சுயசரிதையை எழுதத் தொடங்கியது அதில்தான்.

லிண்ட்பெர்க் செய்தியைப் போலவே இன்னொரு நிஜச் சாவும் அவர் எழுத்துக்குள் வந்திருக்கிறது. 1945-இல் இங்கிலாந்தில், அரசு அனுப்பிவைத்த வளர்ப்பு வீட்டில் ஒரு சிறுவன் கொடுமையால் இறந்தான். நாடு கொதித்தது, குழந்தைகள் பாதுகாப்புக்காக 1948-இல் புதுச் சட்டமே வந்தது. 1947-இல் மேரி ராணியின் 80-ஆவது பிறந்தநாளுக்காக பிபிசி கேட்டதற்கு அகதா எழுதிக்கொடுத்த சின்ன வானொலி நாடகத்துக்கு அந்தச் சம்பவம்தான் தூண்டுதல். அதுவே வளர்ந்து 'தி மவுஸ்ட்ராப்' ஆகி 1952 நவம்பர் 25 முதல் லண்டனில் நடந்துகொண்டிருக்கிறது, 2020-21 பெருந்தொற்றுக் காலத்தில் மட்டும் நிறுத்தினார்கள். கோஸி கதைகள் துக்கத்தைத் தொடாத இலேசான சரக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துக்கம் அங்கே இருக்கிறது, கதை தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்த ஒன்றாக இருக்கிறது, பனி கொட்டும் ஒரு விருந்தினர் விடுதிக்குள் அது எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான் நாடகம்.

இரண்டாம் உலகப் போரின்போது மறுபடியும் லண்டனில் ஒரு மருத்துவமனை மருந்தறையில் வேலை பார்த்தார். குண்டு விழுந்த அந்த ஆண்டுகளில் பொய்ரோவின் கடைசிக் கதையையும் மார்ப்பிளின் ஒரு கதையையும் எழுதி, ஒன்றை மகளுக்கும் மற்றதைக் கணவருக்கும் என்று பத்திரமாக வைத்துவிட்டார், தான் இறந்தால் அவர்களுக்கு உதவும் என்று. அவை 1975-இலும் 1976-இலும் வெளிவந்தன.

இன்று கோஸி மிஸ்டரி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய சந்தை. வாஷிங்டன் பகுதியில் நடக்கும் மாலிஸ் டொமெஸ்டிக் என்ற வாசகர் மாநாடு 1989 முதல் ஆண்டுதோறும் இந்த வகை எழுத்தாளர்களுக்கு அகதாவின் பெயரிலேயே விருது கொடுக்கிறது. கதாநாயகிகள் பேக்கரி நடத்துகிறார்கள், நூலகத்தில் வேலை பார்க்கிறார்கள், பின்னல் நூல் கடை வைத்திருக்கிறார்கள். எழுத்தாளர்கள் பலரும் தங்களுக்குத் தெரிந்த தொழிலையே எடுத்துக்கொள்கிறார்கள், அது சரியான வழிதான். ஆனால் பல தொடர்களில் அந்தத் தொழில் அட்டைப்படத்துக்கும் கடைசியில் வரும் சமையல் குறிப்புக்கும் மட்டுமே பயன்படுகிறது. நான் படிக்கும்போது ஒரு சோதனை வைத்துக்கொள்வேன்: கதாநாயகியின் தொழிலை மாற்றிவிட்டால் இந்தக் கொலையை அவளால் அப்போதும் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் அந்த பேக்கரி வெறும் அலங்காரம். மாவு எவ்வளவு நேரம் உப்பியிருக்கிறது என்பதை வைத்து அடுப்படியில் யார் எப்போது இருந்தார்கள் என்று அவள் சொல்லிவிட்டால், அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தையும் நான் வாங்குவேன்.